வா என்றால் என்ன

டென்மார்க்கில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் பிள்ளைகளைப் பற்றிய விசாரணை நடக்கும். "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்பார்கள். சோற்றுக்கும் பருப்புக்கும் இடையில் பதிலைச் சொல்லி முடித்துவிட வேண்டும். மற்றத் தாய்மாருக்கு அது சுலபம். டொக்டர் என்பார்கள், எஞ்சினியர் என்பார்கள், கத்தரிக்காய்க் குழம்புக்கு நகர்ந்துவிடுவார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நிற்பவர்களுக்குச் சோறு ஆறிவிடும்.

பிரெடெரிசியாவில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் ஒரு அக்கா கரண்டியும் கையுமாக நின்று இதே கேள்வியைக் கேட்டார்.

"மோல்மன்," என்றேன். கோல் காப்பவருக்கு டெனிஷில் அதுதான் பெயர்.

"ஃபுட்போலோ?"

"இல்லை அக்கா, ஐஸில."

"ஐஸ்கிறீம் கொம்பனியிலயோ?"

எனக்குப் பின்னால் நின்ற என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நான் விளக்கினேன். ஐஸ் ஹொக்கி. வழுக்குகிற ஐஸ் தரையில் சறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத் தடியால் அடிப்பார்கள். அது வலைக்குள் போகாமல் என் மகன் முன்னால் நின்று உடம்பால் மறிப்பான்.

"அப்ப அடி வாங்கிறதுதான் வேலையோ?"

"ஓம்."

"சம்பளத்துக்கோ?"

"ஓம் அக்கா, சம்பளத்துக்கு."

அவர் என் தட்டில் இன்னொரு வடை வைத்தார். அந்த வடையில் இருந்த அனுதாபத்தைப் பார்த்து எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கோபம் அவர்மீது இல்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் பல வருடங்களாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். வடை நன்றாக இருந்ததால் சாப்பிட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், அவனை மோல்மன் ஆக்கியதே என் குளிர்ப்பயம்தான். நாங்கள் இருக்கிற ஒடென்சேயில் அவன் சின்ன வகுப்பில் படித்தபோது ஐஸ் ஹாலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து சொன்னார்கள். ஐஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் உடுப்பு அலுமாரியைத் திறந்துவிட்டேன். உள்ளே இரண்டு பனியன், மேலே ஒரு சுவெற்றர், அதற்கு மேல் இவருடைய பழைய சுவெற்றர், அதற்கு மேல் ஜக்கெற், கீழே கம்பளிக் காற்சட்டைக்கு மேல் இன்னொரு காற்சட்டை. போட்டு முடித்தபோது பிள்ளைக்குக் கைகள் இரண்டும் கீழே வரவில்லை. அப்படியே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன்.

அங்கே மற்றப் பிள்ளைகள் மெல்லிய உடுப்போடு பறந்து திரிந்திருக்கிறார்கள். இவனுக்குக் குனியவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. விழுந்தால் எழும்ப ஆள் வேண்டும். ஓட முடியாதவனை எங்கே விடுவது என்று யோசித்து, வலைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் அடித்த வட்டெல்லாம் இவனில் பட்டு விழுந்தது. இவன் அசையவில்லை. ஹாலில் சொல்லிக் கொடுத்தவர் மற்ற ஆசிரியரைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை, பாருங்கள்," என்று காட்டினாராம். பயமில்லாமல் இல்லை ஐயா, படவில்லை. ஐந்து அடுக்கு உடுப்பைத் தாண்டி எது படும்?

ஆனால் அவனுக்கு அந்தப் பாராட்டு உச்சந்தலையில் ஏறிவிட்டது. பின்னேரம் கன்னம் சிவந்து வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னான், தான் இனி மோல்மன் என்று. அதற்குப் பிறகு அவன் வேறு ஒன்றும் ஆகவில்லை.

நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில். மோல்மனுடைய சாமான்கள் ஒரு சின்னக் குடும்பத்துக்குப் போதுமான இடத்தைப் பிடிக்கும். கால்களுக்குக் கட்டுகிற தடித்த மெத்தைகள், மார்புக் கவசம், தலைக்கவசம், ஒரு கைக்கு வட்டைப் பிடிக்கிற உறை, மற்றக் கைக்கு மறிக்கிற பலகை. இவையெல்லாம் வியர்வையில் ஊறி வரும். பல்கனியில் நான் மிளகாய் காயப்போட்டால் பக்கத்தில் அவன் அந்த மெத்தைகளைக் காயப்போடுவான். நான் கருவாடு பொரித்த நாட்களில் கதவைத் தட்டாத கீழ்வீட்டு டெனிஷ் அம்மா, அந்த மெத்தைகள் காய்ந்த நாளில் வந்து தட்டினார். அன்றைக்கு எனக்கு உள்ளூரப் பெரிய சந்தோசம். எங்கள் கருவாட்டைத் தோற்கடிக்க டென்மார்க்கிலும் ஒரு சாமான் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பல்கனியில் நின்றுதான் அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவேன். கீழே விளையாட்டுத் திடலில் நிற்பான். என் குரல் சாதாரணக் குரல் இல்லை. முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களோடு வேலை செய்து செய்து இன்னும் நன்றாகத் தேறியிருந்தது.

"வா!" என்று கூப்பிடுவேன்.

"வ?" என்று அவன் திருப்பிக் கத்துவான்.

டெனிஷில் "வ?" என்றால் "என்ன?" என்று அர்த்தம். எழுதுவது வேறு மாதிரி, ஆனால் வாயில் வருவது அவ்வளவுதான். நான் வா என்பேன், அவன் என்ன என்பான். நான் திரும்பவும் வா என்பேன், அவன் திரும்பவும் என்ன என்பான். முதலில் அவன் என்னைப் பழிக்கிறான் என்று நினைத்து விளாசித் தள்ளினேன். பிறகு அவனுக்கு விளங்கியது, விளங்காத மாதிரி நடித்தான். எத்தனை வருடம் இப்படிப் போனது! நாங்கள் இருவரும் ஒரே சொல்லைத்தான் மாறி மாறிக் கத்தினோம். சோறு மட்டும் ஆறிக்கொண்டே இருந்தது. கூப்பிட்ட முதல் தரத்தில் அந்தப் பிள்ளை வந்ததாக எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை.

அவன் உயர்தரப் படிப்பை முடித்த கோடையில் வீட்டில் பேச்சு சூடு பிடித்தது. ஒடென்சேயிலேயே பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதே வாரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் யூலண்டில் ஒரு சின்ன ஊர் அணி, சம்பளத்துக்கு விளையாட வரும்படி கூப்பிட்டது. இரண்டாவது மோல்மனாக.

"எல்லாரும் ஒரு வருடம் சபாட்டோர் எடுக்கிறார்கள்," என்றான் டெனிஷில். அவன் என்னோடு டெனிஷில்தான் பேசுவான், நான் தமிழில் பதில் சொல்வேன். சபாட்டோர் என்பது இந்த நாட்டுப் பிள்ளைகளின் வழக்கம். படித்துக் களைத்துவிட்டார்களாம், பல்கலைக்கழகத்துக்குப் போக முன்னர் ஒரு வருடம் ஓய்வாம்.

"களைக்கிற அளவுக்கு நீ எப்ப படிச்சனி?" என்று கேட்டேன்.

அவன் ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் குசினி மேசையில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரே ஒரு வருடம். வசந்தம் முடிவதற்குள் அவன் அந்த அணியின் முதல் மோல்மன் ஆகவேண்டும். ஆகாவிட்டால் ஹொக்கித் தடியைப் பல்கனியில் வைத்துவிட்டு, இலையுதிர் காலத்தில் எஞ்சினியரிங் வகுப்பில் போய் இருக்க வேண்டும். டெனிஷ்காரன் மாதிரி எனக்குக் கை தந்தான். நானும் குலுக்கினேன்.

என் மனதில் என்ன இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் தோற்க வேண்டுமென்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆனால் அவன் வீட்டுக்கு வர வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று இவர் ஒருமுறை சொன்னபோது, அவரோடு அன்று முழுவதும் நான் கதைக்கவில்லை. அவனுடைய கட்டிலில் விரிப்பை மாற்றி மாற்றி விரித்து வைத்திருந்தேன்.

அந்த அணியின் முதல் மோல்மன் ஒரு சுவீடன்காரன். நல்ல உயரம், நல்ல பிள்ளை, எங்களைக் கண்டால் எழும்பி நிற்பான். அவன் இருக்கும்வரை என் மகன் ஐஸுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாங்கில் உட்காரும் மோல்மனுக்கு ஒரு வேலை உண்டு என்பதை முதல் மட்ச் பார்க்கப் போனபோதுதான் தெரிந்துகொண்டோம். ஆட்கள் மாறி மாறி ஐஸுக்குள் போகும்போதும் வரும்போதும் வாங்குக்கு முன்னால் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து மூட வேண்டும். அவன் முழுக் கவசத்தோடும் உட்கார்ந்து கதவைத் திறந்தான், மூடினான், திறந்தான், மூடினான்.

என் கணவர் ஒடென்சேயில் பஸ் ஓட்டுகிறவர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நானும் நாள் முழுக்கக் கதவு திறந்து பூட்டுறன், இவனும் கதவு திறந்து பூட்டுறான். இதுக்குப் படிக்கவும் தேவையில்லை, இவ்வளவு உடுப்பும் தேவையில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கதவைத் திறந்த விதத்தை நான் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் திறந்துவிட்டு, வெளியே போகிறவனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ஐஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பசித்த பிள்ளை சமைக்கிற சட்டியைப் பார்ப்பதுபோல இருந்தது.

நத்தார் பண்டிகைக்கு முன்னர் அவனுக்கு முதல் வாய்ப்பு வந்தது. சுவீடன்காரனுக்குக் காய்ச்சல். செய்தி கேட்டதும் நான் இவரையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்று மனமுருகி வேண்டினேன். மட்ச் அன்று எனக்கு வேலை, போக முடியவில்லை. அடுத்த நாள் அவன் தொலைபேசியில் வந்தான்.

"வென்றோம்," என்றான். குரலில் சந்தோசம் இல்லை.

"பேந்தென்ன?"

"வட்டு என் பக்கமே வரவில்லை அம்மா. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்திலேயே நின்று அடித்துத் தள்ளிவிட்டார்கள். நான் சும்மா நின்றேன். பயிற்சியாளர் வந்து, நன்றாக நின்றாய் என்றார்."

நான் கதையை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். பெற்ற பிள்ளைக்குத் தாயின் மழுப்பல் எப்படித்தான் விளங்குமோ தெரியவில்லை. உடனே தமிழுக்கு மாறினான். கோபம் வந்தால்தான் அவனுக்குத் தமிழ் வரும்.

"அம்மா, கோயிலில என்ன கேட்டனீங்கள்?"

"வேற என்ன கேக்கிறது? உனக்கு அடி படக்கூடாது, அந்தக் கறுப்புச் சாமான் உன்ர பக்கம் வரவே கூடாது எண்டுதான்."

"ஐயோ அம்மா! அது வராட்டி நான் என்னத்துக்கு?"

இவர் அருகில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கோயிலுக்குப் போய், நடந்த பிழையைப் பிள்ளையாரிடம் எடுத்துச் சொல்லி, வேண்டுதலைத் திருத்தினேன். வட்டு வரட்டும், தாராளமாக வரட்டும், நோகாத இடத்தில் பட்டு விழட்டும். பிள்ளையார் இதையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த மட்ச்சில் இடைநடுவில் அவனை இறக்கினார்கள். வட்டு தாராளமாக வந்தது. பட்டும் படாமலும் அவனைத் தாண்டி வலைக்குள் போய்க்கொண்டே இருந்தது.

நத்தாருக்கு வீட்டுக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். ஏன் இப்படி நடந்தது என்று கேட்டதற்கு, தட்டிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டு என்னை யன்னலுக்கு முன்னால் நிறுத்தினான்.

"ஒரு கண்ணை மூடுங்கள்," என்றான். அப்பளத்தை யன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தான். "என்ன தெரிகிறது?"

"அப்பளம். அதைச் சுத்தி வீதி, மரம், சைக்கிள், எல்லாம்."

பிறகு அப்பளத்தை மெல்ல மெல்ல என் கண்ணை நோக்கிக் கொண்டு வந்தான். மூக்குக்குக் கிட்ட வந்ததும் யன்னலே மறைந்துவிட்டது.

"இவ்வளவுதான் விளையாட்டு," என்றான். "அடிக்க வருகிறவனுடைய கண் உங்கள் கண். யன்னல்தான் வலை. நான் அப்பளம். வலையோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அவனுக்கு எல்லா மூலையும் தெரியும். வெளியே அவனை நோக்கி வந்தால் ஒன்றும் தெரியாது. சுவீடன்காரன் உயரம், அவன் உள்ளே நின்றாலும் மறைக்கும். நான் கட்டை. நான் வெளியே வந்துதான் ஆகவேண்டும். பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் கத்துகிறார், வெளியே வா, வெளியே வா என்று."

"பேந்தேன் நீ வரேல்ல?"

அப்பளத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "வலையை விட்டு வந்தால் பின்னால் எல்லாம் திறந்து கிடக்கிற மாதிரி இருக்கிறது. முதுகு குளிர்கிறது அம்மா."

அவனுக்கு இன்னொரு அப்பளம் கொடுத்தேன். முதுகுக் குளிருக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சுவெற்றர்தான்.

வசந்தம் வந்தது. ஒடென்சேயில் குரோக்கஸ் பூக்கள் புல்லுக்குள்ளால் எட்டிப் பார்த்தன. உடன்பாட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது, அவன் இன்னும் கதவுதான் திறந்துகொண்டிருந்தான். பல்கலைக்கழக இடம் உறுதி என்று சொல்லியிருந்தார்கள். நான் அவனுடைய அறைக்குப் புதுத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் சுவீடன்காரனுக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது.

"சனிக்கிழமை நான்தான் நிற்கிறேன்," என்று தொலைபேசியில் சொன்னான். "வென்றால் அடுத்த சுற்று. நான் நன்றாக நின்றால் அதிலும் நான். இல்லாவிட்டால் வேறு அணியிலிருந்து ஒருவரை அவசரமாக எடுப்பார்கள். அதோடு என் வருடம் முடிந்தது."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பாலத்தைத் தாண்டி யூலண்டுக்குப் போனோம். நான் மட்டன் றோல்ஸ் செய்து கட்டியிருந்தேன். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருக்கும்போது றோல்ஸ் சுற்றுவது எனக்கு நல்லது. எங்களுக்கு இடம் கிடைத்தது மகனுடைய வலைக்கு நேர் பின்னால், கண்ணாடித் தடுப்போடு ஒட்டிய வரிசையில். என் பக்கத்தில் ஒரு பெரிய டெனிஷ்காரர், கழுத்தில் அணியின் சால்வை. ஒரு றோல்ஸ் கொடுத்தேன். கடித்தார், உறைத்தது, கண் கலங்கியது, இன்னொன்று கேட்டார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

நான் மட்ச் பார்க்கிற முறை தனி. கண்ணை மூடிக்கொள்வேன். இவர் பக்கத்தில் இருந்து பஸ்ஸில் தரிப்பு அறிவிப்பதுபோல ஆறுதலாகச் சொல்லுவார்: "இப்ப அந்தப் பக்கம். இப்ப நடுவில. இப்ப எங்கட பக்கம், பயப்பிடாதை. மறிச்சிட்டான். திரும்ப நடுவில." அப்படியே மூன்று பகுதிகளில் இரண்டு போயின. ஒரு கோல் வாங்கினோம், இரண்டு அடித்தோம். வட்டு தாராளமாகத்தான் வந்தது. ஒவ்வொரு தரமும் டப் என்று அவனுடைய மெத்தையில் விழுகிற சத்தம் கேட்டு, நானும் கண்ணை மூடியபடியே மூச்சு விட்டேன்.

கடைசிப் பகுதி முடிகிற நேரம். "இப்ப அந்தப் பக்கம்," என்றார் இவர். "எங்கட ஆக்கள் எல்லாரும் அந்தப் பக்கம். இப்ப..." அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பஸ் சாரதி தரிப்பை அறிவிக்காமல் விட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். நான் கண்ணைத் திறந்தேன்.

எதிரணியின் ஒருவன் தனியாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் ஒரு குருவிகூட இல்லை. மலை மாதிரி ஆள், தடியை ஓங்கிக்கொண்டு, சறுக்குக் காலணி ஐஸை வெட்டுகிற சத்தத்தோடு பாய்ந்து வருகிறான். ஹால் முழுவதும் மூச்சடங்கிப்போனது. என் பிள்ளை வலையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து பார்த்தபோது அந்தக் கவசத்துக்குள்ளும் முதுகு சின்னதாகத் தெரிந்தது.

அந்த நேரம் எனக்கு அப்பளமும் ஞாபகம் இல்லை, யன்னலும் ஞாபகம் இல்லை. போதும் ராசா, விட்டுப்போட்டு வா, வீட்டுக்குப் போவம் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. எழும்பி நின்று, மூன்றாம் மாடிப் பல்கனியில் நின்று கூப்பிடுகிற அதே குரலில் கத்தினேன்.

"வா! வா! அங்க நிக்காத, வா!"

அந்த அமைதியில் என் குரல் கூரைவரை போய்த் திரும்பியது. பக்கத்து மனிதர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "வ?" என்றார்.

என் மகன் வந்தான். என்னிடம் இல்லை, எதிர்ப்பக்கம், அந்த மலையை நோக்கி. வலையை அப்படியே விட்டுவிட்டு ஒரே தள்ளில் வெளியே பாய்ந்தான். அடிக்க வந்தவனுடைய கண்ணுக்குக் கிட்டே போய் அகல விரிந்து நின்றான். அவன் அடித்தான். வட்டு மகனுடைய மார்பில் பட்டது. மகன் அதன்மேல் விழுந்து மூடிக்கொண்டான், விசில் ஊதியது.

ஹால் வெடித்தது. நான் துள்ளினேன். இவர் என்னைக் கட்டிப் பிடித்தார். கலியாண வீட்டில்கூட ஆட்களுக்கு முன்னால் என் கையைப் பிடிக்காத மனிதர். பக்கத்து மனிதர் என் தோளைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

"வ? வ?"

"வா!" என்றேன்.

"வ?"

"ஓம், வா!"

அவர் முகம் மலர்ந்தது. இதைத்தான் கத்த வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த தரம் வட்டு எங்கள் பக்கம் வந்தபோது சால்வையைச் சுழற்றிக்கொண்டு "வா!" என்று முழங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் "வ?" என்று கேட்டார்கள். "வா!" என்றார் அவர். மணி அடிக்கும்போது அந்தப் பக்கத்துப் படிகள் முழுவதும் நின்று என் மகனைத் தமிழில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடித்த இரண்டும் இரண்டாகவே இருந்தது, வாங்கிய ஒன்றும் ஒன்றாகவே இருந்தது. வென்றோம்.

மட்ச் முடிந்து நடைபாதையில் காத்து நின்றபோது பயிற்சியாளர் எங்களைத் தேடி வந்தார். "கத்தியது நீங்களா? என்ன சொன்னீர்கள்?" என்று டெனிஷில் கேட்டார்.

"வா," என்றேன்.

"வ?"

"ஓம், வா."

இது விடியும்வரை போகும் என்று கண்ட இவர் நடுவில் புகுந்து, எங்கள் மொழியில் வா என்றால் வருவது என்று விளக்கினார். பயிற்சியாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இலையுதிர் காலத்திலிருந்து நான் இதைத்தான் அவனுக்குச் சொல்கிறேன்," என்றார். "டெனிஷில் சொன்னேன், சுவீடிஷில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே!" என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். ஹொக்கி தெரிந்த தாய் என்று நினைத்துவிட்டார். நானும் அந்தப் புகழை வைத்துக்கொண்டு நின்றேன், பொய் சொல்வானேன், இனிப்பாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அந்தப் பருவம் முடியும்வரை அவன்தான் நின்றான். ஒவ்வொரு மட்ச்சிலும் வெளியே வந்தான். முதுகு குளிரவில்லையாம். சுவீடன்காரன் கால் சுகமாகி வந்து, சிரித்துக்கொண்டே சின்னக் கதவைத் திறந்து மூடினான். வருகிற வருடங்களுக்கு என் மகனையே முதல் மோல்மனாக வைத்திருக்க அணி ஒப்பந்தம் செய்தது. என் முதியோர் இல்லத்தில் ரீவியில் மகனைக் காட்டினால், தொண்ணூறைத் தாண்டிய ஒரு டெனிஷ் அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி "வா" என்கிறார். அவருக்கு அது எங்கள் சொல்லோ அவருடைய சொல்லோ என்று நான் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்த வாரம் மகன் வீட்டுக்கு வந்தான். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தேன். அவன் அறையில் புதுத் திரைச்சீலை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்து மேசையில் இருந்தான். உடன்பாட்டில் அவன் வென்றுவிட்டான், நான் தோற்றுவிட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது, எது முதலில் வந்தது என்று பிரிக்கத் தெரியவில்லை. மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, அண்டைக்கு நான் உன்னை முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்தேல்ல. எனக்குப் பயம். விட்டுப்போட்டு வீட்டை வா எண்டுதான் கூப்பிட்டனான்."

அவன் இடியப்பத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சொதி மேசை முழுக்கச் சிந்தும்வரை சிரித்தான். இவரும் சேர்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் அம்மா," என்றான். கோபம் இல்லாமலே தமிழில் கதைத்தான். "அந்தக் குரலை எனக்குத் தெரியாதே? சோறு ஆறுது எண்டு கூப்பிடுற குரல். யோசிக்க நேரம் இல்லை, கால் தானா வெளிக்கிட்டிட்டுது. நீங்கள் கூப்பிட்டு நான் முதல் தரத்திலயே வந்தது அண்டைக்குத்தான்."

வீட்டுக்கு வா என்று கூப்பிட்ட அந்தச் சொல்தான் அவனை அங்கேயே நிறுத்திவிட்டது. எனக்குக் கண்ணீர் வழிந்தது, சிரித்துக்கொண்டே துடைத்தேன். அவன் எழும்பி, சிந்திய சொதியைத் துணியால் துடைத்துவிட்டு, சறுக்குக் காலணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றான். அணியின் ஊருக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் பயிற்சி.

"அம்மா," என்றான், "பருவம் தொடங்கிற முதல் மட்ச்சுக்கு நீங்கள் கட்டாயம் வாங்கோ."

இத்தனை வருடம் காத்திருந்ததற்கு, என் முறை வந்துவிட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு, குசினியிலிருந்து முழுக் குரலில் கேட்டேன்:

"வ?"